பகடை உருளும் முன்பே எழுதப்பட்ட எண்

போர்களை மேசைமேல் பரப்பி, விரல் நுனியளவு பொம்மைப் படைகளைக் கொண்டு மீண்டும் நடத்திப் பார்ப்பது வரலாற்று ஆய்வாகுமா, பொழுதுபோக்கோடு நின்றுவிடுமா என்ற கேள்வி படைத்துறை வரலாறு பயிலும் மாணவர்களிடையே அடிக்கடி எழுகிறது. ஆவணங்களையே நம்புவோர் அதை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகின்றனர். தளபதியின் இடத்தில் நின்று பார்த்தால்தான் அவர் எடுத்த முடிவின் காரணம் விளங்கும் என்கின்றனர் ஆர்வலர்கள். இரு தரப்பினரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. பகடை உருளும் முன்பே, எந்தப் படைக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதே ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி. 1803ஆம் ஆண்டு தக்காணத்தில் நடந்த அசாயேப் போரைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன். அதற்குமுன் இவ்விளையாட்டின் பிறப்பைச் சுருக்கமாகக் காண்பது நலம்.

இதன் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரைத் தாங்கிய அவ்விளையாட்டு, பாரசீகத்தையும் அரபுலகத்தையும் கடந்து ஐரோப்பாவில் செஸ் ஆயிற்று. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கணிதம் கற்பித்த ஹெல்விக் என்பவர், 1780இல் அந்தச் செஸ் பலகையை அகல விரித்துப் போர்க்களமாக்கினார். கட்டங்களுக்கு வெவ்வேறு நிறம் தந்து மலை, சதுப்பு, நீர்நிலை ஆகியவற்றைக் குறித்தார். காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி ஆகியவற்றுக்குத் தனித்தனி நகர்வுகளை வகுத்தார். ஆயினும் செஸ்ஸின் இயல்பு பெரும்பாலும் நீடித்தது. காயின் வலிமை முன்கூட்டியே அறியப்பட்டது. தற்செயலுக்கு அங்கே இடமில்லை.

தற்செயலை உள்ளே கொண்டுவந்தவர்கள் பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் தந்தையும் மகனும் ஆவர். தந்தை 1812இல் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியத்திற்கு ஒரு பெரிய மேசையை வழங்கினார். அதன் இழுப்பறைகளில் மலையும் ஆறும் சாலையுமாக வடிக்கப்பட்ட துண்டுகள் இருந்தன. வேண்டியவாறு அவற்றை அடுக்கிப் புதுப்புது நிலப்பரப்பை உருவாக்கலாம். பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த மகன் 1824இல் மூன்று முக்கிய மாற்றங்களைச் செய்தார். கற்பனை நிலத்தை விட்டு, 1:8000 அளவில் வரையப்பட்ட நிலவரைபடத்தைப் பயன்படுத்தினார். இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவரை அமர்த்தி, எதிரியைப் பற்றி ஒருவருக்கு எவ்வளவு தெரியவேண்டுமோ அவ்வளவையே அவர் தெரிவிக்கும்படி செய்தார். துப்பாக்கிச் சூட்டின் விளைவைப் பகடையாலும் அட்டவணையாலும் தீர்மானித்தார். இந்த ஆட்டத்தைக் கண்ட தலைமைப் படைத்தளபதியக அதிபர் மியூஃப்லிங், இது விளையாட்டன்று, போருக்கான பயிற்சி என்று வியந்து, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

இந்த ஆட்டம் கடினமான விதிகளால் சலிப்பூட்டுகிறது என்ற குறை எழுந்தபோது, 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்யத் தளபதி அட்டவணைகளைத் தள்ளிவைத்து, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். அலுவலகச் சுவர்களுக்குள் இருந்த இக்கலையை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் வெளிவந்த அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் சிறுநூலில், ஈயச் சிப்பாய்களைச் சிறு பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்தும் விதிகள் உள்ளன. உண்மைப் போர் எவ்வளவு மடத்தனமானது என்பதை உணர்த்த இந்தச் சிறுபோர் உதவும் என்று அவர் அந்நூலின் முடிவில் வாதிட்டார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய நூலுக்குப் பின், வரலாற்றுப் போர்களைச் சிற்றுருவங்களால் நடத்திப் பார்ப்பது பிரிட்டனில் ஒரு பரவலான பழக்கமாயிற்று. இன்று 28 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் எனப் பல உயரங்களில் பொம்மைகள் வார்க்கப்படுகின்றன. ஒரு பொம்மை பொதுவாக இருபது, முப்பது வீரர்களைக் குறிக்கும்.

இங்கே ஒரு சிக்கல் தோன்றுகிறது. ஒரு துப்பாக்கியின் குறி எவ்வளவு தொலைவில் தவறும் என்பதைச் சோதனைத் திடலில் அளந்துவிடலாம். ரைஸ்விட்ஸின் அட்டவணைகள் அத்தகைய சோதனைத் தரவுகளை ஆதாரமாகக் கொண்டவை. ஆனால் ஒரு படைப்பிரிவு எத்தனை குண்டுமாரிக்குப் பின் நிலைகுலையும் என்பதை எந்தத் திடலிலும் அளக்க முடியாது. மேசைப்போர்களில் இதற்கென ‘மனவுறுதிச் சோதனை’ என்ற ஒன்று உண்டு. பகடையை உருட்ட வேண்டும், குறிப்பிட்ட எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் படை நிற்கும், குறைந்தால் பின்வாங்கும். அந்தக் குறிப்பிட்ட எண்ணைத் தீர்மானிக்க விதிநூல் எழுதுபவர் நாடுவது போர்க்குறிப்புகளை. ‘ஒழுக்கம் மிக்க’, ‘அனுபவம் முதிர்ந்த’, ‘கட்டுப்பாடற்ற’ என்று அக்குறிப்புகளில் வரும் அடைமொழிகள் இங்கே எண்களாகின்றன.

ஓர் அடைமொழியின் விலை என்ன என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு படை நிலைத்து நிற்க, ஆறு முகப் பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை தேறும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. தொடர்ந்து மூன்று முறை தேறும் வாய்ப்பு 27இல் 8, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 30. அதே படையை ‘சற்றே ஒழுக்கம் குன்றியது’ என்று கருதி 4 அல்லது அதற்கு மேல் என்று மாற்றினால், மூன்று முறை தேறும் வாய்ப்பு 8இல் 1, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஓர் எண்ணை மாற்றியதால் நிலைத்து நிற்கும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. நூலில் கண்ணில் படாமல் கடந்துபோகும் ஒரு சொல், மேசைமேல் ஒரு படையின் விதியாகிவிடுகிறது.

எண்ணை எழுதுபவரின் கை எவ்வாறு இயங்கும் என்பதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1942 மே மாதம், மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை யமாட்டோ போர்க்கப்பலில் ஜப்பானியக் கடற்படையினர் மேசைப்போராக நடத்திப் பார்த்தனர். ஓர் ஆட்டத்தில் அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்கின. ஒன்பது குண்டுகள் இலக்கைத் தாக்கியதாகப் பகடை காட்டியது. அகாகி, காகா ஆகிய இரு கப்பல்களும் மூழ்கியதாகக் கொள்ளவேண்டும். ஆட்டத்திற்குத் தலைமை தாங்கிய உகாக்கி, ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகி சிறு சேதத்தோடு தப்பியது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது. ஜூன் 4 அன்று உண்மைப் போரில் அவ்விரு கப்பல்களும் வேறு இரண்டு விமானந்தாங்கிகளும் தாக்குண்டு அழிந்தன.

ஃபுசிதா, ஒக்குமியா என்னும் இரு ஜப்பானிய அதிகாரிகள் போருக்குப் பின் எழுதிய நூலின் வழியே இச்செய்தி பரவியது. ஆணவத்தின் கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த ஆட்டத்தில் தாக்கியவை தரைத்தளத்திலிருந்து எழுந்த விமானங்கள். உண்மைப் போரில் மிட்வேத் தீவிலிருந்து பறந்த விமானங்கள் வீசிய குண்டுகள் எவையும் அக்கப்பல்களைத் தாக்கவில்லை. அவற்றை அழித்தவை அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்த பாய்ந்து குண்டெறியும் விமானங்கள். அவ்வகையில் ஒன்பது மிகை என்ற உகாக்கியின் கணிப்பு தவறன்று. எண்ணைத் திருத்திய பின், கப்பல்கள் அவ்வாறு தாக்கப்படும் நிலை ஏன் உருவாயிற்று என்ற கேள்வியும் அத்துடன் மூடப்பட்டதே பிழை. மேசை தரும் விடையைவிட அது எழுப்பும் கேள்வியே மதிப்புடையது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது எடுத்துக்காட்டு, ஆட்டமாக அன்றி மாதிரியாக அமைந்த ஒரு மேசை. 1830இல் பிரிட்டிஷ் படை அதிகாரி வில்லியம் சைபார்ன், வாட்டர்லூப் போர்க்களத்தின் மாபெரும் மாதிரியை உருவாக்கப் பணிக்கப்பட்டார். போர்க்களத்தின் நடுவில் இருந்த லா ஏ சாந்த் பண்ணை வீட்டில் எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். பயிர் எங்கே நின்றது, படை எங்கே நின்றது என்று கேட்டு, உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். 1815 ஜூன் 18 மாலை ஏறத்தாழ 7 மணிக்குக் களம் எப்படி இருந்தது என்பதைப் பல்லாயிரக்கணக்கான சிற்றுருவங்களால் காட்டிய அம்மாதிரி, 1838இல் லண்டன் எஜிப்சியன் ஹாலில் மக்கள் பார்வைக்கு வந்தது. இன்று அது லண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த 7 மணிக்குப் பிரஷ்யப் படை எவ்வளவு முன்னேறியிருந்தது என்பதில் தகராறு எழுந்தது. சைபார்ன் திரட்டிய சான்றுகளின்படி பிரஷ்யர்கள் களத்தில் ஆழமாக நுழைந்திருந்தனர். வெற்றி தன் படையுடையது என்று நிலைநாட்டியிருந்த வெலிங்டன் கோமகனின் கருத்தோடு அது ஒத்துப்போகவில்லை. அரசு பண உதவியை நிறுத்திய நிலையில் கடனில் தவித்த சைபார்ன், இறுதியில் பிரஷ்யச் சிற்றுருவங்களில் பெருந்தொகையை மாதிரியிலிருந்து நீக்கினார். அழுத்தத்தால் நீக்கினாரா, சான்றுகளை மறுபடி ஆராய்ந்து நீக்கினாரா என்பது வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் விவாதப் பொருள். எப்படியாயினும், எடுக்கப்பட்ட பொம்மைகள் இருந்த இடம் இப்போது வெறும் வயலாகக் காட்சியளிக்கிறது. அதை அறியாமல் பார்ப்பவருக்கு அங்கே எவரும் நின்றதேயில்லை.

அதே வெலிங்டன், ஆர்தர் வெல்லஸ்லி என்ற பெயரில் கும்பினிக்காக இந்தியாவில் போரிட்டவர். போர்க்களத்தில் தாம் செய்தவற்றுள் சிறந்தது எது என்று முதுமையில் கேட்கப்பட்டபோது, வாட்டர்லூவைச் சொல்லாமல் அசாயே என்று ஒற்றைச் சொல்லில் விடையளித்ததாகச் சொல்வர். இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில், கைத்னா, ஜுவா ஆறுகளுக்கு இடைப்பட்ட சிற்றூர் அது. 1803 செப்டம்பர் 23 அன்று தௌலத்ராவ் சிந்தியா, பேரார் அரசர் ரகுஜி போன்ஸ்லே ஆகியோரின் படைகளை வெல்லஸ்லி அங்கே எதிர்கொண்டார். ஸ்டீவன்சனின் படையோடு சேர்ந்து மறுநாள் தாக்குவதே திட்டம். எதிரி எதிர்பார்த்ததைவிட அருகில் இருந்ததால் தனியாகவே தாக்கினார். அவரிடம் ஏறத்தாழ 4,500 பயிற்சி பெற்ற வீரர்களும், 5,000 மைசூர், மராத்தியக் குதிரைவீரர்களும், 17 பீரங்கிகளும் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் ஹனோவரைச் சேர்ந்த போல்மனின் தலைமையில் ஐரோப்பிய முறையில் பயிற்றப்பட்ட 10,000க்கும் மேற்பட்ட காலாட்களும், நூறளவு பீரங்கிகளும், அவற்றுக்கு அப்பால் பெருந்திரளான குதிரைப்படையும் இருந்தன.

மேசைப்போர் ஆர்வலர்கள் இப்போரை விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே இரு சிற்றூர்களைக் கண்ட வெல்லஸ்லி, வழிகாட்டிகள் மறுத்தபோதும், அங்கே ஆற்றைக் கடக்கும் துறை இருந்தே தீரும் என்று ஊகித்தார். அது சரியாயிற்று. எதிரியின் பக்கவாட்டில் இறங்கிவிடலாம் என்ற எண்ணம் மட்டும் பலிக்கவில்லை. போல்மனின் காலாட்படை, குண்டுமாரிக்கிடையே முழு வரிசையையும் திருப்பி, ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆறு வரை புதிய முகப்பை அமைத்தது. இதை ஒழுங்கோடு செய்வதற்குக் கடும் பயிற்சி வேண்டும். பிரிட்டிஷ் வலப்பக்கத்தில் முன்காவல் படை தவறுதலாக அசாயே ஊரை நோக்கி விலகிச் சென்றது. அதைத் தொடர்ந்த 74ஆம் படைப்பிரிவு ஊரைச் சுற்றியிருந்த பீரங்கிகளின் வாயில் சிக்கித் தன் ஆட்களில் பெரும்பகுதியினரை இழந்தது. குதிரைப்படையின் பாய்ச்சலே எஞ்சியோரைக் காத்தது. வென்ற தரப்பின் இழப்பு, கொல்லப்பட்டவரும் காயமுற்றவரும் காணாமற்போனவருமாக 1,584 பேர்.

இப்போது விதிநூலுக்கு வருவோம். காலனியக் காலப் போர்களுக்காக எழுதப்பட்ட பல விதிநூல்களில், ஐரோப்பியப் படைக்கு உயர்ந்த மனவுறுதி எண்ணும், இந்திய அரசர்களின் படைக்குத் தாழ்ந்த எண்ணும் தரப்படுவது வழக்கம். அசாயேயின் வீரர்களுக்கு இது பொருந்துமா? போருக்குப் பின் வெல்லஸ்லியே தம் கடிதங்களில், சிந்தியாவின் காலாட்படை, தம் படையை நீக்கினால், இந்தியாவில் தாம் கண்டவற்றுள் சிறந்தது என்றும், பீரங்கிகள் மிகத் தரமானவை என்றும் ஒப்புக்கொள்கிறார். கோலந்தாஜ்கள் எனப்படும் மராத்தியப் பீரங்கி வீரர்களுள் சிலர், பிரிட்டிஷ் வரிசை தங்களைக் கடந்து செல்லும்வரை இறந்தவர்போல் கிடந்து, பின் எழுந்து, பீரங்கியைத் திருப்பி முதுகுப்புறம் சுட்டனர். ‘எதிரி வந்தடைந்த பீரங்கியை மேசையிலிருந்து எடுத்துவிடு’ என்று சொல்லும் விதி இங்கே உடைந்துபோகிறது. ஓடிப்போகும் இயல்புடையவர்கள் என்று எண் சூட்டப்பட்டவர்கள் பீரங்கியின் அருகிலேயே மடிந்திருக்கிறார்கள்.

எண்ணைத் திருத்தினால் மட்டும் போதாது. ‘இந்தியப் படை’, ‘ஐரோப்பியப் படை’ என்ற பிரிவே இக்களத்தில் நிற்பதில்லை. வெல்லஸ்லியின் காலாட்படையில் இரண்டே பிரிவுகள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவை. மற்றவை சென்னை ராஜதானியின் சிப்பாய்ப் பட்டாளங்கள். போல்மன் முன்பு கும்பினியின் சேவையில் இருந்தவர். இரு பக்கமும் இந்தியச் சிப்பாய். இரு பக்கமும் ஐரோப்பிய அதிகாரி. ஆனால் வென்ற பக்கத்துச் சிப்பாய்க்கு ‘பயிற்சி பெற்றவர்’ என்ற எண்ணும், தோற்ற பக்கத்துச் சிப்பாய்க்கு வேறோர் எண்ணும் தரப்படுகின்றன. முடிவைக் கொண்டு தரத்தைத் தீர்மானித்து, பின் அத்தரத்தைக் கொண்டு முடிவை விளக்குவது வட்ட வாதம். பாடநூல்கள் பலவும் இதையே செய்கின்றன. உரைநடையில் அது எளிதில் தென்படுவதில்லை.

அப்படியானால் சிந்தியா ஏன் தோற்றார்? இதற்கான விடையின் ஒரு பகுதி மேசைக்கு வெளியே இருக்கிறது. 1803 ஆகஸ்டில் கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லஸ்லி ஒரு பிரகடனம் வெளியிட்டு, மராத்தியச் சேவையிலிருந்த அதிகாரிகள் விலகி வந்தால் ஆதரவு தரப்படும் என்று அறிவித்தார். பலர் விலகினர். வடக்கே, சிந்தியாவின் தலைமைத் தளபதியான பெரோனே செப்டம்பரில் பிரிட்டிஷாரிடம் அடைக்கலம் புகுந்தார். மராத்தியப் பீரங்கியும் காலாட்படையும் தரத்தில் தாழ்ந்தவை அல்ல, கூலிப்படைச் சந்தையையும் கடன் வசதியையும் கும்பினி தன் கைக்குள் கொண்டுவந்ததே வெற்றியின் அடிப்படை என்று 2003இல் ராண்டால்ஃப் கூப்பர் விரிவான ஆய்வில் வாதிட்டார். பஞ்சம் பரவிய தக்காணத்தில் வெல்லஸ்லியின் படை நகர்ந்ததற்குத் திப்புவிடமிருந்து கைப்பற்றப்பட்ட அம்ருத் மகால் மாடுகளும் ஒரு காரணம். மேசைமேல் ஆட்டம் தொடங்கும்போது மாடுகள் தம் வேலையை முடித்துவிடுகின்றன, பணம் கைமாறிவிடுகிறது. எஞ்சியிருப்பது வீரமும் பகடையும் மட்டுமே. எனவே எல்லாவற்றுக்கும் வீரத்தையே காரணமாகக் காட்டவேண்டிய நெருக்கடி விதிநூலுக்கு நேர்கிறது.

இவ்வளவு சொன்னதால் மேசைப்போரை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தவேண்டும் என்பது என் கருத்தன்று. அதன் குறையாக நான் காட்டியதே அதன் பயன். கட்டுரை எழுதுபவர் ‘ஒழுங்கற்ற கூட்டம்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். விதிநூல் எழுதுபவர் 3 என்றோ 4 என்றோ எழுதியே ஆகவேண்டும். எழுதியதை எவரும் சுட்டிக்காட்டி ‘ஏன்’ என்று கேட்கலாம். மறைந்திருக்கும் தீர்ப்பை வெளியே இழுத்து எண்ணாக்கிக் காட்டும் ஆற்றல் வேறு எழுத்து வகைகளுக்கு அரிது.

ஆகவே மாணவர்களுடன் இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு மூன்று பரிந்துரைகள். ஆட்டத்திற்கு முன், ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அதன் சான்றை எழுதச் செய்யுங்கள். சான்று எந்தத் தரப்பினுடையது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை ஒருமுறை விதிநூலின்படியும், மறுமுறை இரு தரப்பின் மனவுறுதி எண்களைச் சமமாக்கியும் நடத்துங்கள். முடிவு தலைகீழானால், பாடநூலின் விளக்கம் அந்த ஓர் அடைமொழியைச் சார்ந்தே நிற்கிறது என்பது புலப்படும். ஒரே ஆட்டத்தின் முடிவை நம்பாமல் பலமுறை நடத்துவதும் அவசியம். மூன்றாவதாக, மேசைமேல் இல்லாதவற்றின் பட்டியலைத் தயாரிக்கச் சொல்லுங்கள்.

அப்பட்டியலில் முதலிடம் பெறவேண்டியது பெயர்கள். ஒரு பொம்மை இருபது பேர் என்று கொண்டால், அசாயேயில் வென்ற தரப்பின் 1,584 பேர் 79 பொம்மைகளாகச் சுருங்குகின்றனர். அவர்களுள் பிரிட்டிஷ் அதிகாரிகளின் பெயர்களேனும் பட்டியலாகக் கிடைக்கின்றன. சிந்தியாவின் தரப்பில் மாண்டவர்களின் எண்ணிக்கையோ எதிர்த்தரப்பின் மதிப்பீடாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சுட்டு வீழ்த்தப்பட்ட பொம்மையை மேசையிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைக்கும் மாணவர், அது எவருடைய கணக்கின்படி எடுக்கப்படுகிறது என்று ஒரு கணம் கேட்டுக்கொண்டால், அந்த ஆட்டம் வரலாற்று வகுப்பாகிவிடும்.